கண்டவரும் கற்றவரும்

பண்டைக் கடல்களில் வாழ்ந்து மறைந்த ஊர்வனவற்றைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பவற்றிற் பல, அத்துறையைக் கல்லூரியிற் பயிலாத எளிய மனிதர்கள் தேடித் தந்த செல்வமாகும். அவர்களுடைய தொண்டின் பெருமையையும், அத்தொண்டு பயன்பெறுவதற்குரிய நெறியையும் எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதலில் நம் ஊர்க் கல்லை நோக்குவோம். போடிநாயக்கனூரில் நான் ஆசிரியப் பணியாற்றிய காலத்தில், குரங்கணிப் பாதையிலும் கொட்டகுடி ஆற்றங்கரையிலும் பொறுக்கிய கற்களை மாணவர்கள் கொண்டுவந்து காட்டுவதுண்டு. சிலவற்றின்மேல் செடியின் கிளைகளைப் போலக் கருங்கோடுகள் படர்ந்திருக்கும். "ஐயா, இது பழங்காலத்துச் செடிதானே?" என்று ஆவலோடு வினவுவர். செடியன்று, நீரிற் கரைந்து வந்த மாங்கனீசு, கல்லின் வெடிப்பிற் படிந்து வரைந்த கோலம் அது. ஏலமலையின் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அவற்றில் எலும்பைத் தேடுதல் வீண். கடலடியிற் சேறும் மணலும் படிந்து இறுகிய பாறையே எலும்பையும் சிப்பியையும் காத்துவைக்கும்.

அத்தகைய பாறைகள் திருச்சிராப்பள்ளிக்கு வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ளன. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஊட்டத்தூர், காரை முதலிய இடங்கள் கடலடியாயிருந்தன. ஆட்டுக்கொம்பு போற் சுருண்ட அம்மோனைட்டுகள் அங்கே கிடைக்கின்றன. 1840-களில் இவ்வட்டாரத்திலும், விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கங்களிலும் இத்தகைய எச்சங்களைத் திரட்டியவர்கள் சார்லஸ் கே, புரூக் கன்லிஃப் என்னும் இருவர். அவர்கள் சென்னை மாகாணத்தின் ஆட்சி அலுவலர்கள். நிலவியல் அவர்களது தொழிலன்று. அவர்கள் இலண்டனுக்கு அனுப்பிய சிப்பிகளை எட்வர்டு ஃபோர்ப்ஸும், மீன் எச்சங்களை ஃபிலிப் எகர்ட்டனும் ஆராய்ந்தனர். அதன்பின் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் வந்து நிலத்தை அளந்தனர். 1879இல் ரிச்சர்டு லைடெக்கர், திருச்சிராப்பள்ளிப் பகுதியிற் கிடைத்த சில முள்ளெலும்புகளைக் கொண்டே 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்னும் கடல் ஊர்வனவற்றின் இனத்தை நிறுவினார்.

இக்தியோசார் மீனன்று, மீனின் வடிவங்கொண்டு, நுரையீரலால் மூச்சுவிட்டு, நீரிலேயே குட்டியீன்ற ஊர்வன. அதனை உலகறியச் செய்தவர்களுள் தலைசிறந்தவர் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் ஊரினரான மேரி ஆனிங். அவர் ஒரு தச்சரின் மகள். 1811இல் அவருடைய அண்ணன் ஜோசப் ஒரு மண்டையோட்டைக் கண்டார். மறு ஆண்டு மேரி அதன் உடலெலும்பைக் கண்டார். அப்பொழுது அவர் பதின்மூன்றாண்டும் நிரம்பாத சிறுமி. 1823இல் நீண்ட கழுத்துடைய பிளீசியோசாரின் முழு எலும்புக்கூட்டையும் வெளிக்கொணர்ந்தார். ஆயினும் அறிஞர்களின் கட்டுரைகளில் அவர் பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை. கற்றவர் புகழ்பெற்றனர், கண்டவர் மறைக்கப்பட்டார். இக்குறை நம் நாட்டில் நிகழலாகாது.

கண்டவர்க்கும் ஒரு கடமையுண்டு. இக்தியோசார்கள் ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அடியோடு அழிந்தன. காரைப் படிவுகளோ அவ்வழிவை ஒட்டிய காலத்தைச் சேர்ந்தவை. ஆகவே ஒரு முள்ளெலும்பு எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதே, அவ்விலங்கு எதுவரை வாழ்ந்தது என்னும் வினாவுக்குச் சான்றாகும். இடம் தெரியாமல் அலமாரியை அடைந்த எலும்பு, தேதியும் கையொப்பமும் இல்லாத பத்திரம் போன்றதே. அரியலூர்ப் பகுதியிலோ சுண்ணாம்புக்கல், சிமெண்டு ஆலைகளுக்காக இடைவிடாது வெட்டப்படுகிறது. எவர் கண்ணிலும் படாத எலும்பு சூளைக்குள் மறைந்துவிடும்.

ஆதலின், மாணவர்களே, சுற்றுலாவாக அங்கே செல்லும்பொழுது எலும்பு போன்ற கல்லைக் கண்டால் உடைத்தெடுக்க முயலாதீர்கள். அருகில் அளவுகோலை வைத்துப் படமெடுங்கள். ஊர், ஓடை, அடுக்கின் நிறம், நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்திற்கோ ஒரு கல்லூரியின் நிலவியல் துறைக்கோ உடனே தெரிவியுங்கள். அந்தக் குறிப்பில் உங்கள் பெயரையும் தயங்காது எழுதுங்கள்.