இரண்டு பாடல், ஒரு பெட்டி: நல்ல அனலாக் மிக்சரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உறவினரின் திருமண விருந்துக்குச் சென்றிருக்கிறீர்கள். மேடையோரம் நிற்கும் டிஜே ஒரு திரைப்பாடலை ஒலிக்கவிடுகிறார். பாடலின் கடைசிப் பகுதிக்கு அடியில் உறுமி மேளத்தின் தாளம் மெல்ல எழுகிறது. சில விநாடிகளில் பாடல் கரைந்து, மேளம் மட்டும் மண்டபத்தை நிறைக்கிறது. பாடல் எந்த இடத்தில் முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆடுபவர்களின் கால்களும் நிற்கவில்லை.

டிஜேயின் முன்னால் இருக்கும் மிக்சர்தான் இந்த இரண்டு ஒலிகளையும் சேர்க்கிறது. தீபாவளிக்குச் சாப்பிடும் மிக்சர் அல்ல. ஒலிகளைக் கலக்கும் மிக்சர்! சில நூறு வெள்ளிக்கும் அது கிடைக்கிறது, சில ஆயிரம் வெள்ளிக்கும் கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அப்படியானால் அந்தக் கூடுதல் பணம் எதற்கு?

உங்கள் இணைப்பாட நடவடிக்கைக் குழு ஒரு மிக்சர் வாங்க நினைக்கலாம். பகுதிநேர வேலை செய்து பணம் சேர்க்கும் உங்கள் அண்ணனும் அக்காவும் நினைக்கலாம். தவறான பெட்டியை வாங்கிவிட்டால் பல மாத உழைப்பு வீணாகிவிடும். எதைப் பார்த்து வாங்குவது என்பதற்கு, நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலே நல்ல வழிகாட்டி.

மிக்சர் செய்வது கூட்டல்

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம். அதே ஏற்ற இறக்கத்தை மின்னழுத்தமாகக் கம்பியில் அனுப்பினால், அது அனலாக் சமிக்ஞை. ஒரு கணத்தில் பாடலின் மின்னழுத்தம் 0.3 வோல்ட், மேளத்தின் மின்னழுத்தம் 0.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மிக்சருக்குள் இருக்கும் மின்சுற்று இரண்டையும் கூட்டி 0.5 வோல்ட் தருகிறது. அடுத்த கணத்தில் பாடல் 0.3, மேளம் எதிர்த்திசையில் 0.2 என்றால் விடை 0.1 வோல்ட். கலத்தல் என்று நாம் சொல்வது, இடைவிடாமல் நடக்கும் இந்தக் கூட்டலைத்தான்.

மின்னிலக்க மிக்சரும் கூட்டலைத்தான் செய்கிறது. ஆனால் அது முதலில் மின்னழுத்தத்தை விநாடிக்கு 48,000 அல்லது 96,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. எண்களைக் கூட்டிய பிறகு மறுபடியும் மின்னழுத்தமாக்கி வெளியே அனுப்புகிறது.

இங்கே ஒன்றை மனத்தில் வையுங்கள். நல்ல மிக்சர், நீங்கள் கொடுப்பதை மட்டுமே கூட்ட வேண்டும். தன் பங்குக்கு இரைச்சலையோ சிதைவையோ சேர்க்கக் கூடாது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி இதற்காகத்தான்.

நியூயார்க்கில் தொடங்கிய கதை

1970களின் தொடக்கத்தில் நியூயார்க் நடன அரங்குகளில் இசைத்தட்டுகளை நிறுத்தாமல் தொடர்ந்து ஒலிக்கவிடும் பழக்கம் வளர்ந்தது. அதற்கு இரண்டு வசதிகள் வேண்டும். ஒரு தட்டிலிருந்து மற்றொன்றுக்கு இசை அறுபடாமல் மாற வேண்டும். அடுத்த தட்டைக் கூட்டத்தினர் கேட்காமல் டிஜே மட்டும் காதணிக்கருவியில் முன்கூட்டியே கேட்க வேண்டும். இந்த முன்கேட்பை டிஜேக்கள் ‘கியூ’ என்கிறார்கள்.

ஒலிபெருக்கித் தயாரிப்பாளரான ரூடால்ஃப் போசாக்கின் நிறுவனம் வெளியிட்ட சிஎம்ஏ-10-2டிஎல் என்ற மிக்சர் அந்த அரங்குகளில் புகழ்பெற்றது. அதில் மேலும் கீழும் நகர்த்தும் ஃபேடர்கள் இல்லை. சுழற்றும் குமிழ்கள் மட்டுமே. இன்றும் விலை உயர்ந்த அனலாக் மிக்சர்கள் பலவற்றில் பெரிய சுழல் குமிழ்களைப் பார்க்கிறோம் அல்லவா? அந்த மரபின் தொடர்ச்சி அது.

அதே நகரின் பிராங்ஸ் வட்டாரத்தில் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற இளையர், தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். அடுத்த தட்டை முன்கூட்டியே கேட்பதற்கான ஏற்பாட்டைத் தாமே செய்துகொண்டார். பின்னாளில் அவர் ஹிப்-ஹாப் இசையின் முன்னோடிகளுள் ஒருவரானார். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அறிந்ததால்தான், இல்லாததை அவரால் உருவாக்க முடிந்தது. வாங்கப் போகும் உங்களுக்கும் அந்த அறிவு உதவும்.

முதல் சோதனை: தலைக்கு மேல் எவ்வளவு இடம்?

உயரமானவர் தாழ்வான கதவில் நுழைந்தால் தலை இடிக்கும். மின்சுற்றிலும் இப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. பல அனலாக் மிக்சர்களின் உட்சுற்று நேர் 15 வோல்ட், எதிர் 15 வோல்ட் மின்வழங்கலில் இயங்குகிறது. சமிக்ஞை அந்த எல்லையை நெருங்கும்போது அதற்குமேல் போக முடியாது. வளைந்து செல்ல வேண்டிய அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். அதைத்தான் கரகரப்பாகக் கேட்கிறோம். இந்தச் சிதைவு புதிய உயர் அதிர்வெண்களை உண்டாக்கும். ஒலிபெருக்கியில் உயர் ஒலிகளுக்கான சிறிய பகுதியை அது சேதப்படுத்தவும் கூடும்.

டிஜேக்கு இந்த இடவசதி ஏன் கூடுதலாகத் தேவை? தொடர்பில்லாத, சம அளவுள்ள இரண்டு ஒலிகளைக் கூட்டினால் அளவு ஏறக்குறைய 3 டெசிபெல் உயரும். இரண்டும் ஒரே மாதிரி அலைகளாக, ஒரே கணத்தில் வந்தால் மின்னழுத்தம் இரட்டிப்பாகி 6 டெசிபெல் உயரும். டிஜேயின் திறமையே இரண்டு பாடல்களின் தாள அடிகளை ஒரே கணத்தில் விழச் செய்வதுதான். அவர் எவ்வளவு துல்லியமாகச் செய்கிறாரோ, அவ்வளவு பெரிய உச்சங்கள் வரக்கூடும்!

தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான அளவு +4 டிபியு; அதாவது சுமார் 1.23 வோல்ட். மிக்சரின் உச்ச வெளியீடு +22 டிபியு என்றால், அது சுமார் 9.8 வோல்ட். இடையில் 18 டெசிபெல் இடம் இருக்கிறது; மின்னழுத்தம் சுமார் எட்டு மடங்கு உயரலாம். எனவே தொழில்நுட்ப விவரத் தாளில் உச்ச வெளியீட்டு அளவைத் தேடுங்கள். அது +20 டிபியுவுக்கு மேல் இருந்தால் நல்லது.

இரண்டாவது சோதனை: மௌனம்

மிக்சரின் தரத்தை அறிய, பாட்டே போடாமல் கேட்டுப் பாருங்கள். கடையில் காதணிக்கருவியை மாட்டி, ஒலியைக் குறைத்துவிட்டுத் தொடங்கி, மெல்ல உயர்த்துங்கள். ‘உஸ்’ என்ற இரைச்சலும் ‘உம்ம்’ என்ற ரீங்காரமும் எப்போது தொடங்குகின்றன என்று கவனியுங்கள். சோதித்து முடித்ததும் ஒலியை மறக்காமல் குறைத்துவிடுங்கள்.

இசைத்தட்டுப் பயன்படுத்துபவர்களுக்கு இது மிக முக்கியம். காந்தம் நகரும் வகை ஊசியிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே. மிக்சர் அதை ஏறக்குறைய 100 மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்தே பெருகும். அதோடு, இசைத்தட்டில் கீழ்ச்சுருதி ஒலிகளைக் குறைத்தும் மேல்ச்சுருதி ஒலிகளைக் கூட்டியும் பதிவு செய்திருப்பார்கள். கீழ்ச்சுருதியை அப்படியே செதுக்கினால் தட்டின் வரிப்பள்ளங்கள் அகன்றுவிடும் என்பதே காரணம். மிக்சர் அதை நேர்மாறாகத் திருத்த வேண்டும். இந்தத் திருத்தம் பிசகினால் பாடலின் நிறமே மாறிவிடும்.

‘உம்ம்’ ரீங்காரத்துக்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரம்தான். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் ஒலிக்குள் நுழைந்துவிடுகின்றன. விலை உயர்ந்த மிக்சரில் மின்வழங்கலுக்கும் உலோகக் கவசத்துக்கும் அதிகம் செலவிடுவது இதைத் தடுக்கத்தான்.

பின்பக்கத்தில் மூன்று ஊசிகள் கொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இதில் ஒரு கம்பி சமிக்ஞையையும், மற்றொன்று அதன் தலைகீழ் வடிவத்தையும் சுமக்கும். மூன்றாவது தரைக் கம்பி. வழியில் நுழையும் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் விழும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் நீங்கி, இசை நிற்கும். மேடையிலிருந்து ஒலிபெருக்கிவரை நீண்ட கம்பி போட வேண்டிய சமூக மன்ற மண்டபத்தில் இதன் அருமை தெரியும்.

மூன்றாவது சோதனை: கைக்கு அடங்குகிறதா?

ஒரு பாடலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் குறுக்கு ஃபேடரை நடுவில் வைத்தால் இரண்டு பாடல்களும் பாதிப் பாதி மின்னழுத்தம் பெற வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒலியின் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 0.5ஐ இருமடியாக்கினால் 0.25, இரண்டையும் கூட்டினாலும் 0.5தான். நடுவில் ஒலி தொய்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் 0.707 கொடுத்தால் இருமடி 0.5, கூட்டினால் சரியாக 1. மென்மையாகக் கலப்பவருக்கு இந்த வளைவு பொருந்தும். வேகமாக வெட்டி வெட்டி ஒலிக்கவிடுபவருக்குச் செங்குத்தான வளைவு வேண்டும். நல்ல மிக்சரில் வளைவை மாற்றும் வசதி இருக்கும்.

அடுத்து, அதிர்வெண் கட்டுப்பாடு. இரண்டு பாடல்களின் கீழ்ச்சுருதி ஒலிகள் ஒன்றாக வந்தால் கேட்பதற்குச் சேறுபோல் குழம்பும். அதனால் டிஜே ஒன்றின் கீழ்ச்சுருதியை முழுவதும் இறக்கிவிட்டு, மற்றொன்றை ஏற்றுவார். குமிழை இறுதிவரை திருப்பினால் அந்தப் பகுதி முற்றிலும் மறைகிறதா, குறைய மட்டும் செய்கிறதா என்று சோதியுங்கள். இங்கிலாந்தின் ஆலன் அண்ட் ஹீத் நிறுவனத்தின் எக்ஸோன்:92 என்ற அனலாக் மிக்சர் நான்கு அதிர்வெண் பகுதிகளையும் இரண்டு வடிப்பான்களையும் தருகிறது. அது நெடுங்காலம் விரும்பப்பட்டதற்கு இவையும் காரணம்.

குமிழ்களும் ஃபேடர்களும் தேயும் பொருள்கள். தூசியும் நம் ஊரின் ஈரப்பதமும் உள்ளே சேர்ந்தால் நகர்த்தும்போது ‘கரக்’ என்ற சத்தம் வரும். ஃபேடரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்பதில் வெட்கப்படாதீர்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சுழல் குமிழ் இருந்தால் அனலாக் என்று எண்ணுவது தவறு. ரேன் நிறுவனத்தின் எம்பி2015, பார்வைக்குப் பழைய போசாக்கின் வாரிசுபோல இருக்கும். உள்ளே நடப்பது மின்னிலக்கக் கணக்கு. மறுபக்கம், எக்ஸோன்:96 கணினியோடு நேரடியாக இணையும். ஆனால் அதில் ஒலிகளைக் கூட்டுவது அனலாக் மின்சுற்று.

‘மின்னிலக்க மிக்சரில் ஒலி தாமதமாக வரும்’ என்றும் சிலர் சொல்வார்கள். தாமதம் உண்மைதான். ஆனால் 1 மில்லிவிநாடியில் ஒலி காற்றில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் செல்லும். மிக்சரின் தாமதம் 2 மில்லிவிநாடி என்றாலும், ஒலிபெருக்கியிலிருந்து முக்கால் மீட்டர்கூடப் பின்னால் போகாததற்குச் சமம். அதற்காக மட்டும் சில ஆயிரம் வெள்ளி கொடுக்கத் தேவையில்லை.

அப்படியானால் அனலாக் யாருக்கு? இசைத்தட்டை அதிகம் பயன்படுத்துபவருக்கு. பட்டியல்களுக்குள் தேடாமல், ஒரு வேலைக்கு ஒரு குமிழ் என்று இருப்பதை விரும்புபவருக்கு. பழுதுபார்த்துப் பல ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவருக்கு. எதிரொலி போன்ற பல விளைவுகள் ஒரே பெட்டியில் வேண்டும் என்பவருக்கு மின்னிலக்க மிக்சரே ஏற்றது. இது உயர்வு தாழ்வு அல்ல, தேவையில் உள்ள வேறுபாடு.

பெட்டியை மாற்றலாம், காதை மாற்ற முடியாது

கடைசியாக ஒரு சோதனை. டிஜேக்கு அருகில் இருக்கும் ஒலிபெருக்கிக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறதா? காதணிக்கருவியில், ஒலித்துக்கொண்டிருக்கும் பாடலையும் அடுத்த பாடலையும் நீங்கள் விரும்பும் அளவில் கலந்து கேட்க முடிகிறதா? இந்த இரண்டும் இல்லாவிட்டால், மண்டபத்தின் சத்தத்தை வெல்ல டிஜே காதணிக்கருவியின் ஒலியை உயர்த்திக்கொண்டே போவார்.

அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம்வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயரும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி என்று கணக்கிட்டுக்கொண்டே போங்கள். 100 டெசிபெல்லில் எஞ்சுவது 15 நிமிடம்தான்! ஒரு திருமண விருந்தோ பல மணி நேரம் நீடிக்கும். உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் அழிந்தால் அவை மீண்டும் வளர்வதில்லை.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது விவரத் தாளைப் படியுங்கள், பாட்டில்லாமல் கேளுங்கள், குமிழ்களைத் திருப்பிப் பாருங்கள். பிறகு விலையைப் பாருங்கள். நீங்கள் கொடுப்பதை மட்டும் கூட்டி, உங்கள் காதையும் காக்கும் பெட்டி எது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.