நஞ்சு விழுந்த பிறகு

நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. அவள் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஆறு லிட்டர் அளவுதான். குழந்தை பிறந்து நஞ்சும் பிரிந்து வந்துவிட்டால், அது ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு பரப்பில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். வெறும் கணக்காகப் பார்த்தால் எந்தத் தாயும் கால்மணி நேரத்துக்கு மேல் தாங்கக் கூடாது. ஆனால் பெரும்பாலான பிரசவங்களில் ஒரு டம்ளர், ஒன்றரை டம்ளர் ரத்தத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அதை முடித்துவைப்பது கருப்பையின் தசை. அந்தத் தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. நஞ்சுக்கு ரத்தம் கொண்டுபோன குழாய்கள் அவற்றின் இடுக்குகளுக்குள் புகுந்து வருகின்றன. குழந்தை வெளியேறியதும் தசை சுருங்குகிறது. நாடாவை இழுத்ததும் சுருக்குப்பையின் வாய் மூடிக்கொள்வதைப் போல, அத்தனை குழாய்களும் ஒரே நேரத்தில் நெரிபட்டு அடைகின்றன. விரலில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்துதான் நிற்க வேண்டும். இங்கே தசை முதலில் மூடிவிடுகிறது. உறைதல் பின்னால் வந்து அந்த மூடலை உறுதிப்படுத்துகிறது.

பிரசவ அறையில் மருத்துவச்சி தாயின் வயிற்றில் கைவைத்து அழுத்திப் பார்ப்பது இதைத்தான். தொப்புளுக்குப் பக்கத்தில் கெட்டியாக, உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டால் சரி. கொழகொழவென்று எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போனால், உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று பொருள். உடனே தேய்த்துவிட வேண்டும். கையின் உரசலுக்கே தசை விழித்துக்கொண்டு இறுகும். உருண்டை தொப்புளுக்கு மேலே ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் அனுபவசாலி வேறு மருந்து தேடமாட்டார். “யூரின் போனீங்களாம்மா?” என்றுதான் கேட்பார். நிறைந்த மூத்திரப்பை கருப்பையை மேலே தள்ளிச் சுருங்கவிடாமல் செய்யும். எழுந்துபோய்ச் சிறுநீர் கழித்து வந்தாலே பலருக்கு உதிரப்போக்கு குறைந்துவிடும். ஓர் உயிர் இத்தனை எளிய கேள்வியில் தொங்குவது எனக்கு எப்போதும் வியப்பு.

அந்த உருண்டை நாளுக்கு ஒரு விரலளவு கீழிறங்கிப் பத்துப் பன்னிரண்டு நாளில் இடுப்பெலும்புக்குள் மறைந்துவிடும். பிரசவத்தன்று ஒரு கிலோ எடையிருந்த கருப்பை ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழே வந்துவிடுகிறது. இதில் தசைச் செல்கள் கூட்டமாகச் சாவதில்லை. ஒவ்வொரு செல்லும் தன்னுள் சேர்த்துவைத்த புரதத்தைத் தானே செரித்துச் சிறுத்துப்போகிறது. மனித உடம்பில் வேறெந்த உறுப்பும் இவ்வளவு பெருத்து இவ்வளவு விரைவில் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை.

சுருங்கச் சொல்லிக் கட்டளையிடுவது ஆக்ஸிடோசின். மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருக்கும் என்று ஹென்றி டேல் 1906இல் கண்டுபிடித்தார். அந்தச் சாற்றில் வேலை செய்யும் பொருள் ஒன்பதே அமினோ அமிலங்கள் கொண்ட சிறு மூலக்கூறு. 1953இல் அதை ஆய்வகத்தில் செய்துகாட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தை பிறந்த சில நிமிடங்களுக்குள் தாயின் தொடையில் போடும் ஊசி அதுதான். குழந்தை மார்பில் வாய்வைத்துச் சப்பும்போது தாயின் மூளையும் அதே பொருளைச் சுரக்கிறது. பால் கொடுக்கும்போது அடிவயிறு முறுக்கி வலிக்கிறது என்று இரண்டாம், மூன்றாம் பிரசவத்துக்காரிகள் சொல்வது இதனால்தான். குழந்தை தன் பசிக்குச் சப்புகிறது. தாயின் ரத்தக் குழாய்கள் கூடவே இறுகுகின்றன.

இந்த ஏற்பாடு தவறும் இடங்களும் உண்டு. பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கால் உலகில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பெண்கள் இறக்கிறார்கள். ஊசி இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, பிறகும் ஏன்? ஒரு காரணம் மிகச் சாதாரணமானது. துணியிலும் பஞ்சிலும் தரையிலும் பரவிய ரத்தத்தைக் கண்ணால் அளக்க முடியாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், நிறைய போகும்போது கண் குறைத்தே சொல்லும். இதற்குக் கிடைத்த விடை, தாயின் இடுப்புக்கடியில் விரிக்கும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் நுனி பையாகக் குவிந்திருக்கும்; பையில் அளவுக்கோடுகள் உண்டு. கர்நாடகத்தில் பெல்காம் பக்கத்துக் கிராமங்களில் துணைச் செவிலியர்கள் பார்த்த பிரசவங்களில், கருப்பையைச் சுருக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையைச் சோதித்த ஆய்வுக்கு இப்படியொரு விரிப்பைத்தான் பயன்படுத்தினார்கள்; அதன் முடிவு 2006இல் வெளிவந்தது.

2023இல் இன்னும் பெரிய ஆய்வொன்று வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அரி குமாரசாமி உள்ளிட்டோர் நடத்தியது. பாதி மருத்துவமனைகளில் வழக்கம்போல் கண்ணளவு. மற்ற பாதியில் கோடுபோட்ட பை. கோட்டைத் தாண்டியதும் வயிற்றைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், ரத்த உறைவைக் கலையவிடாத டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், காரணம் தேடிப் பரிசோதிப்பது எல்லாம் ஒன்றின் பலனுக்குக் காத்திராமல் சேர்த்தே தொடக்கம். கண்ணளவில் உதிரப்போக்குக்கு ஆளான பெண்களில் பாதிப்பேரைத்தான் கண்டுகொண்டார்கள். பை இருந்த இடத்தில் 93 சதவீதம் பேரை. கடும் உதிரப்போக்கு, அதற்கான அறுவைச் சிகிச்சை, மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு 4.3 சதவீதத்திலிருந்து 1.6ஆக இறங்கியது. புது மருந்து எதுவும் அதில் இல்லை.

நஞ்சு வெளியேறுவதோடு இன்னொரு கதவும் திறக்கிறது. பால் சுரக்கத் தேவையான புரோலாக்டின் கர்ப்ப காலத்திலேயே நிறைய இருக்கும். ஆனால் நஞ்சு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் அதை வேலைசெய்ய விடாது. நஞ்சு போனதும் அந்தத் தடை நீங்கி, இரண்டு மூன்று நாளில் மார்பு கனக்கப் பால் இறங்குகிறது. நான்காம் நாளும் பால் இறங்காமல், உதிரமும் அதிகமாகவே போனால், நஞ்சின் துணுக்கு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று தேர்ந்த மருத்துவச்சி சந்தேகப்படுவார். மார்பைப் பார்த்துக் கருப்பைக்குள் இருப்பதை ஊகிக்கும் அறிவு அது.

பால் இறங்குவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளுக்கு வருவதுதான் சீம்பால். முதல் நாள் முழுவதற்கும் சில தேக்கரண்டி அளவே தேறும். அதைப் பார்த்து “பால் போதலை” என்று முடிவுகட்டிப் புட்டிப்பாலுக்கு ஓடுவது நம் ஊரில் அன்றாடம் நடக்கிறது. பிறந்த குழந்தையின் இரைப்பைக்கு அந்த அளவே போதும். குடலின் உட்சுவரில் பூசியதுபோல் படிந்து கிருமிகளைத் தடுக்கும் நோயெதிர்ப்புப் புரதம் சீம்பாலில்தான் செறிந்திருக்கிறது. தென் மாவட்டங்களில் வீட்டுப் பெரியவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் தொட்டுவைக்கும் சேனை வழக்கத்தை நான் விரும்பிப் பார்த்ததுண்டு. பெரியவரின் குணம் குழந்தைக்கு வரும் என்ற நம்பிக்கையில் ஓர் அழகு இருக்கிறது. ஆனாலும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆபத்து. அதில் தங்கியிருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் விதை அந்தக் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். சேனை போகட்டும்.

பிள்ளை பெற்ற வீட்டின் மற்ற வழக்கங்களையும் இப்படி ஒவ்வொன்றாகத்தான் எடைபோட வேண்டும். பச்சை உடம்புக்காரிக்கு ஓய்வு, பூண்டு, பால்சுறாப் புட்டு, கூடவே ஒரு துணை என்பதெல்லாம் நல்லது. “பச்சை உடம்புக்குத் தண்ணி ஆகாது” என்று குடிநீரைக் குறைப்பது கெடுதல். பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டும் அபாயம் இயல்பாகவே கூடுதல். தாகத்தோடு படுக்கவைத்தால் அது இன்னும் கூடும்.

குழந்தையின் பக்கம் வருவோம். கருவில் இருக்கும்வரை அதன் நுரையீரலுக்கு மிகக் கொஞ்சம் ரத்தமே போகும். மூச்சு நஞ்சின் வழியாக. முதல் அழுகையில் நுரையீரல் விரிந்து, அங்கே ரத்தம் பாய்ந்து, இதயத்தின் இடப்பக்க அழுத்தம் ஏறி, இரு மேலறைகளுக்கு நடுவே திறந்திருந்த வழியின் மடல் மூடிக்கொள்கிறது. இந்தச் சில நிமிடங்களில் தொப்புள்கொடியை அவசரப்பட்டு வெட்டாமல் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பொறுத்திருந்தால், நஞ்சில் தங்கியிருக்கும் ரத்தம் ஏறத்தாழ 80 மில்லி லிட்டர் குழந்தைக்கே போய்ச் சேரும். அதிலுள்ள இரும்புச்சத்து மாதக்கணக்கில் கைகொடுக்கும்.

பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு இடையிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு காக்கிறது. ஈரத்தோடு விட்டால் அந்தக் கையிருப்பு சீக்கிரம் தீரும். துடைத்து, துணியில்லாமல் தாயின் வெற்று மார்பில் கிடத்தி, மேலே போர்த்திவிடுவதைவிட நல்ல ஏற்பாடு நலமாகப் பிறந்த குழந்தைக்கு இல்லை. குளிப்பாட்டுவதை ஒரு நாள் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தாயின் மார்பையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டு இரண்டுக்கும் நடுவே குழந்தையைப் படுக்கவைத்தார்கள். 30 குழந்தைகளில் 22 குழந்தைகள் கழுவாத மார்பைத் தேடிப்போயின. வாசனை வழிகாட்டியது.

உதவும் கையே கொல்லும் கையாகவும் இருந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரசவக் காய்ச்சலில் பெண்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அலெக்சாண்டர் கார்டன் என்ற மருத்துவர் ஒவ்வொரு நோயாளிக்கும் பிரசவம் பார்த்தவர் யாரென்று எழுதிவைத்தார். நோய் குறிப்பிட்ட சிலரின் கைவழியாகப் போவது தெரிந்தது. அந்தச் சிலரில் தானும் ஒருவர் என்பதையும் 1795இல் வெளியிட்ட நூலில் மறைக்காமல் எழுதினார். ஊர் அவரை மன்னிக்கவில்லை. கைகழுவச் சொல்லி வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் போராடியது அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

பச்சிளம் குழந்தைகளின் இறப்பில் முக்கால் பங்கு முதல் வாரத்திலேயே நடக்கிறது. அப்போது தாயும் குழந்தையும் பெரும்பாலும் வீட்டில் இருப்பார்கள். ஆகவே யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் தம்பதியர் இதைச் செய்து பார்த்தார்கள். அதிகம் எண்ணத் தெரியாத கிராமத்துப் பெண்களும் குழந்தையின் மூச்சை எண்ண ஒரு மணற்கடிகாரம், சில மணிகள்: பத்து மூச்சுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு அறுபது முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் ஆபத்து. பிறகு 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். 1999இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அந்தக் கிராமங்களில் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு ஒப்பீட்டுக் கிராமங்களைவிட 62 சதவீதம் குறைந்திருந்தது.

இலங்கை இதை இன்னும் முன்பே, அரசின் வேலையாகவே தொடங்கிவிட்டது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு அமைந்தது. இன்று சுமார் மூவாயிரம் பேருக்கு ஒரு மருத்துவ மாது என்ற கணக்கில், அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் பிள்ளை பெற்ற வீடு தேடி வருகிறார். 1940களில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் மேலிருந்த தாய் இறப்பு இப்போது நாற்பதுக்கும் கீழே. இதற்கு ரத்த வங்கிகளும் மருத்துவமனைகளும் மலேரியா ஒழிப்பும் காரணம்தான். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பணக்கார நாடான நெதர்லாந்திலும், பயிற்சி பெற்ற ஒருவர் முதல் வாரம் தினமும் சில மணி நேரம் வீட்டிலேயே இருந்து தாயையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளக் காப்பீடு செலவு செய்கிறது.

வீட்டுக்கு வருபவர் முகத்தையும் படிக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானே போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் போகாத இருட்டு வேறு, அது நோய். அதைப் பிரித்தறிய எடின்பரோவில் 1987இல் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்றை உருவாக்கினார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். நம் ஊர்ப் பிரசவ வீடுகளில் அந்தப் பத்துக் கேள்வியில் ஒன்றைக்கூட யாரும் கேட்பதில்லை. குழந்தை யார் ஜாடை என்பதோடு விசாரிப்பு முடிந்துவிடுகிறது.

இந்தியாவில் மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது தேசிய சுகாதாரத் திட்டத்தின் விதி. உங்கள் வீட்டில் பிரசவம் நடந்து மூன்றாம் நாள் யாரும் வரவில்லையென்றால் துணைச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சலோடு உதிரம் நாற்றமெடுத்தால், தலைவலியோடு கண் மங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ தொட்டால் சில்லிட்டிருந்தாலோ உள்ளங்கால் வரை மஞ்சள் பரவினாலோ, யார் வரவுக்கும் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழையுங்கள்.