தரவு போய்ச் சேர்ந்த பின்னும் முடியாத இடமாற்றம்

வங்கிக் கணக்கு, பயண முன்பதிவு, தொலைபேசிக் கட்டணம் போன்ற, நின்றுவிடக் கூடாத சேவைகளின் தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஒரே சர்வரை நம்பி இருப்பதில்லை. பல சர்வர்கள் ஒன்று சேர்ந்து, பொதுவான வட்டுகளில் உள்ள ஒரே தரவுத்தளத்தை ஒரே நேரத்தில் இயக்குவதும், அவற்றில் ஒன்று பழுதானால் மற்றவை வேலையைத் தொடர்வதும் கிளஸ்டர் எனப்படும் அமைப்பின் அடிப்படையாகும். ஆரக்கிள் நிறுவனம் 2001-இல் தன் தரவுத்தள மென்பொருளின் 9ஐ பதிப்போடு வெளியிட்ட ‘ரியல் அப்ளிகேஷன் கிளஸ்டர்ஸ்’, தொழில்நுட்பத்தார் பேச்சில் ‘ராக்’, இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. இதில் நோடு எனப்படும் ஒவ்வொரு சர்வரும், தன் நினைவகத்தில் உள்ள தரவுத் துண்டை மற்றொரு நோடு கேட்கும்போது, அதை வட்டில் எழுதிவிட்டு மறுபடி படிக்கச் சொல்லாமல், நோடுகளுக்கு இடையே மட்டும் ஓடும் தனி நெட்வொர்க் வழியாக நேரே அனுப்பிவிடுகிறது.

இவ்வளவு நுணுக்கமாகக் கட்டப்பட்ட அமைப்பைக் கைவைக்காமல் விட்டுவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் அது நிற்கும் இயந்திரங்களின் ஆயுள் நிர்வாகியின் கையில் இல்லை. இன்டெலும் ஹெச்பியும் சேர்ந்து உருவாக்கிய ஐட்டேனியம் செயலிக்கு இனி மென்பொருள் எழுதப்போவதில்லை என்று ஆரக்கிள் 2011 மார்ச்சில் அறிவித்தது. ஹெச்பி வழக்குத் தொடுத்து வென்றபோதிலும், 2021 ஜூலையோடு அந்தச் செயலியின் விற்பனையே முடிந்துபோனது. உரிமக் கட்டணமும் ஒரு காரணமாகும்: ஆரக்கிள், செயலியின் கோர் எண்ணிக்கையைக் கொண்டு கட்டணம் கணக்கிடுகையில், ஐபிஎம்மின் பவர் செயலியில் ஒரு கோரை முழுதாகவும், சாதாரண இன்டெல் எக்ஸ்86 சர்வரில் பாதியாகவும் எண்ணுகிறது. இவ்வாறு சோலாரிஸ், ஏஐஎக்ஸ், ஹெச்பி-யூஎக்ஸ் ஆகிய யூனிக்ஸ் இயங்குதளங்களில் இருந்த பல கிளஸ்டர்கள், எக்ஸ்86 சர்வர்களில் ஓடும் லினக்ஸுக்கு நகரத் தொடங்கின.

பழைய இயந்திரத்துக்குப் பதில் அதே வகைப் புது இயந்திரம் வைப்பதானால் வேலை எளிது. புதிய நோடுகளை ஓடும் கிளஸ்டரில் சேர்த்து, பழையவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டால், பயனாளர் அறியாமலே மாற்றம் முடிந்துவிடும். வேறு பிளாட்ஃபார்முக்குப் போகும்போது இந்த வழி அடைபடுகிறது. ஏனெனில் ஒரே ராக் கிளஸ்டரில் இரு வேறு இயங்குதளங்கள் கலந்து நிற்க முடியாது. ஆகவே, பழையதன் பக்கத்திலேயே புதிய கிளஸ்டர் ஒன்றை முழுதாகக் கட்டி, தரவை அங்கே கொண்டுசெல்ல வேண்டும்.

அங்கே முதலில் எதிர்ப்படுவது பைட் வரிசை என்னும் சிக்கல். 258 என்ற எண்ணை இரண்டு பைட்டுகளில் எழுதினால், ஒரு பைட்டில் 1, மற்றதில் 2 இருக்கும்; 256-ஐ ஒருமுறை எடுத்து 2-ஐக் கூட்டுவது என்பது அதன் பொருள். சோலாரிஸ் ஓடும் ஸ்பார்க் செயலியும், ஏஐஎக்ஸ் ஓடும் பவர் செயலியும் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் வைக்க, எக்ஸ்86 செயலி சிறிய மதிப்புள்ளதை முதலில் வைக்கிறது. ஒன்று எழுதியதை மற்றது அப்படியே படித்தால் 258 என்பது 513 ஆகிவிடும். இவ்விரு வரிசைகளில் எது மேல் என்ற பூசலைப் பற்றி 1980-இல் கட்டுரை எழுதிய டேனி கோஹன், எதைத் தேர்ந்தாலும் எல்லாரும் ஒன்றையே தேர்வதுதான் முக்கியம் என்று வாதிட்டார். கணினித் தொழில் அவர் பேச்சைக் கேட்கவில்லை, அதன் விலையை இடமாற்றம் செய்வோர் இன்றும் கொடுத்துவருகின்றனர். ஆயினும் இந்தச் சிக்கலை மிகைப்படுத்தவும் கூடாது. அட்டவணையில் உள்ள தொகைகளையும் தேதிகளையும் ஆரக்கிள் எந்த இயந்திரத்திலும் ஒரே வடிவில்தான் எழுதுகிறது. மாறுபடுவது கோப்பின் உள்கட்டமைப்பு, அதாவது ஒவ்வொரு தரவுத் துண்டின் முகவரியும் தலைப்புக் குறிப்புகளும். கோப்பை நகலெடுத்தால் மட்டும் போதாது, மாற்றி எழுதவும் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

எந்த வழியில் மாற்றுவது என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்வது, சேவையை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியும் என்ற கேள்விதான். டேட்டா பம்ப் என்னும் கருவி அட்டவணைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மறுபக்கம் ஏற்றுவதால் பைட் வரிசை அதற்குப் பொருட்டில்லை. ஆனால் 10 டெராபைட் தரவு 1 கிகாபிட் இணைப்பில் முழு வேகத்தில் போனாலும் ஏறத்தாழ 22 மணி நேரம் ஆகும், ஏற்றுவதும் இன்டெக்ஸ் கட்டுவதும் அதற்கு மேல். இரண்டாவது வழியில் கோப்புகளே நேராகப் போகின்றன. சேவை நடந்துகொண்டிருக்கும்போதே முழு நகல் எடுத்து மாற்றி வைத்துவிட்டு, அதன்பின் மாறிய பகுதிகளை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பிச் சேர்த்து, கடைசிச் சிறு பகுதிக்காக மட்டும் தரவுத்தளத்தைப் படிக்க மட்டுமான நிலையில் நிறுத்தினால், நாள் கணக்கிலான வேலை மணிக் கணக்குக்குச் சுருங்கும்.

மணிக் கணக்கும் கூடாது என்பவர்களுக்கு உரியது மூன்றாம் வழி. ஆரக்கிள் 2009-இல் விலைக்கு வாங்கிய கோல்டன்கேட் என்னும் மென்பொருள், தரவுத்தளம் தன் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் ரீடூ லாகைப் படித்து, அதே மாற்றங்களைப் புதிய இடத்தில் செய்துகொண்டே வருகிறது. ராக் அமைப்பில் ஒவ்வொரு நோடும் தனித்தனி லாக் எழுதுவதால், ஒரு நோடில் நடந்த வரவும் மற்றொன்றில் நடந்த பற்றும் இடம் மாறாமல் கோக்கப்பட வேண்டும். அதற்கு நோடுகளின் கடிகாரத்தை நம்பாமல், எஸ்சிஎன் என்னும், கிளஸ்டர் முழுமைக்கும் பொதுவாக ஏறிக்கொண்டே போகும் வரிசை எண்ணைப் பின்பற்றுகின்றனர். இவ்வழியின் பெரிய நன்மை வேகமன்று, திரும்பும் பாதை. புதிய கிளஸ்டர் பொறுப்பேற்றபின் மாற்றங்களை எதிர்த்திசையில் பழையதற்கு அனுப்பிக்கொண்டிருந்தால், ஒரு வாரம் கழித்துக் கோளாறு தெரிந்தாலும் தரவை இழக்காமல் பின்வாங்கலாம். திட்டச் செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவதும் பெரும்பாலும் இதுவே. அது தவறான சிக்கனம்.

தரவு சேர்ந்தபின் மற்றொரு சோதனை காத்திருக்கிறது. அதே கேள்விக்குப் புதிய தரவுத்தளம் வேறு தேடல் பாதையைத் தேர்ந்தெடுத்து, நொடியில் வந்த விடையை நிமிடக் கணக்கில் இழுத்தடிக்கலாம். நோடுகளுக்கு இடையிலான நெட்வொர்க் சிறு சுமையில் ஒழுங்காக நடந்து, மாதக் கடைசிக் கூட்டத்தில் திணறலாம். உண்மையான சுமையை, எல்லா நோடுகளிலும், முன்கூட்டியே ஏற்றிப் பார்ப்பதைத் தவிர இவற்றை அறிய வழியில்லை.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி இதற்குச் சான்று. அங்கு நடந்தது ராக் மாற்றத்தைவிடப் பெரியது, ஒரு வங்கியின் முழுக் கணினி அமைப்பையே இடம்மாற்றிய வேலை. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் அவ்வங்கி தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு நகர்த்தியது. தரவு பிழையின்றிப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதைத் தாங்கிய அமைப்பு உடனே தடுமாறியது. ஒரே நேரத்தில் இயங்க வேண்டிய இரண்டு தரவு மையங்களில் ஒன்றில் மட்டுமே சுமைச் சோதனை நடந்திருந்தது என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. வழக்கமான நிலைக்குத் திரும்ப அவ்வாண்டு டிசம்பர் வரை ஆயிற்று. தலைமை அதிகாரி செப்டம்பரிலேயே பதவி விலகினார். 2022 டிசம்பரில் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்புகள் இரண்டும் சேர்ந்து அவ்வங்கிக்கு 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன.