நிறுவனங்கள் கூடும் மேடையில் பள்ளி என்ன பேச வேண்டும்?

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்பதைத்தான் சுருக்கமாக சி.எஸ்.ஆர். என்கிறோம். அதற்கென நடக்கும் மாநாடுகளுக்கும் கலந்தாய்வுகளுக்கும் இப்போது அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களையும் அழைக்கிறார்கள். பேச்சாளர் பட்டியலில் முதலில் அரசு அலுவலர்கள், அடுத்து நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். பிரிவுத் தலைவர்கள், பிறகு தொண்டு நிறுவனத்தினர். மதிய உணவுக்குச் சற்று முன்பு, பயன்பெற்ற பள்ளியின் சார்பில் ஆசிரியர் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைக்கும். பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடமும் நன்றி சொல்வதிலேயே கழிந்துவிடுகிறது. நன்றி சொல்வது நல்ல பண்புதான். ஆனால், அந்த அரங்கில் பள்ளிக்குள் தினமும் இருப்பவர் அவர் ஒருவர் மட்டுமே. அவர் சொல்லாவிட்டால் பள்ளியின் உண்மைத் தேவையை அங்கு வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

முதலில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த நிதி யாரோ ஒருவர் மனமிரங்கித் தரும் நன்கொடை அன்று என்பதை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு இதைக் கடமையாக்கியது. 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடி ரூபாயோ, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ எட்டிய நிறுவனம் இச்சட்டத்துக்குள் வரும். மூன்றில் ஒன்று இருந்தாலே போதும். அந்த நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். மூன்று ஆண்டுகளின் லாபம் 6, 8, 10 கோடி என்றால் சராசரி 8 கோடி. செலவிட வேண்டியது 16 லட்சம். எட்டாம் வகுப்புக் கணக்குதான். நம் ஊருக்கு அருகில் உள்ள ஆலையின் பொறுப்பு ஏறத்தாழ எவ்வளவு என்று நாமே போட்டுப் பார்க்கலாம். தன் சி.எஸ்.ஆர். கொள்கையையும் திட்டங்களையும் இணையதளம் இருந்தால் அதில் நிறுவனம் வெளியிட வேண்டும் என்பதும் விதி.

எந்தெந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. கல்வி அதில் இருக்கிறது. குடிநீரும் சுகாதாரமும் இருக்கின்றன. நிறுவனம் இயங்கும் பகுதிக்கும் அதைச் சுற்றியுள்ள இடங்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ள பள்ளிகள் இதை நினைவில் வைக்க வேண்டும். தன் பொருளை விளம்பரப்படுத்தும் நோக்கில் நிறுவனம் செய்யும் நிதியுதவி சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது. எனவே, பொருளின் பெயரைச் சுவர் முழுவதும் எழுதச் சொல்பவரிடமும், பிள்ளைகளின் கையில் விளம்பரப் பதாகையைக் கொடுத்துப் படம் எடுக்க நினைப்பவரிடமும் தயங்காமல் மறுப்புச் சொல்லலாம். பிள்ளைகளின் முகம் யாருடைய விளம்பரத்துக்கும் உரியதன்று.

இனி மேடைப் பேச்சுக்கு வருவோம். இத்தகைய மாநாடுகளில் அதிகம் கேட்கும் மொழி எண்ணிக்கையின் மொழி. இத்தனை பள்ளிகள், இத்தனை கணினிகள், இத்தனை கழிப்பறைகள் என்று திரையில் படங்கள் ஓடும். எண்ணிக்கை பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையாக இருந்தும் பயனற்றுப் போகலாம். இதற்கு நாடறிந்த சான்று ஒன்று உண்டு.

2014ஆம் ஆண்டு சுதந்திர தின உரையில், ஓராண்டுக்குள் எல்லாப் பள்ளிகளிலும் மாணவிகளுக்குத் தனிக் கழிப்பறை என்ற இலக்கைப் பிரதமர் அறிவித்தார். தூய்மைப் பள்ளி இயக்கத்தின்கீழ் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கழிப்பறைகள் கட்டின. 53 நிறுவனங்கள் சேர்ந்து கட்டியதாகக் கணக்கு காட்டப்பட்டவை 1,40,997. செலவு 2,100 கோடி ரூபாய்க்கு மேல். இந்தப் பணியை இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் ஆய்வு செய்த அறிக்கை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தணிக்கையாளர்கள் 15 மாநிலங்களில் நேரில் சென்று பார்த்தார்கள். கட்டி முடிக்கப்பட்ட 2,326 கழிப்பறைகளில் 30 விழுக்காடு பயன்பாட்டில் இல்லை. 72 விழுக்காட்டில் உள்ளே குழாய்த் தண்ணீர் வசதி இல்லை. 55 விழுக்காட்டில் கை கழுவ வசதி இல்லை.

இதைப் படிக்கும் எந்த ஆசிரியருக்கும் வியப்பு வராது. தண்ணீர் வராத கழிப்பறை இரண்டே வாரத்தில் பூட்டப்படும் என்பது நமக்குத் தெரியும். பூட்டிய கழிப்பறையைப் பார்த்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் ஏழாம் வகுப்பு மாணவியையும் நமக்குத் தெரியும். மாதவிடாய் நாள்களில் அவள் பள்ளிக்கு வராமல் போவது வருகைப் பதிவேட்டில் தெரிகிறது. திட்டம் தீட்டியவர்கள் தண்ணீரைப் பற்றி நினைக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ஆழ்துளைக் கிணற்றுக்கு யார் பொறுப்பு, மோட்டாருக்கு மின் கட்டணம் யார் கட்டுவது, தினமும் யார் கழுவுவது என்ற கேள்விகளை அந்தந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரைப் போல வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மேடையில் பள்ளி கேட்க வேண்டியவை இந்தக் கேள்விகளே. “எங்கள் பள்ளிக்குக் கழிப்பறை வேண்டும்” என்று சொன்னால் கழிப்பறை கிடைக்கும், அவ்வளவுதான். மாறாக, ஒரு நடுநிலைப் பள்ளியில் 120 மாணவிகள் இருப்பதாகக் கொள்வோம். 40 பேருக்கு ஓர் அலகு என்பது தூய்மைப் பள்ளி இயக்கத்தின் அளவுகோல். அப்படியானால் மூன்று அலகுகள் வேண்டும். இருப்பது இரண்டு, அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை. மேல்நிலைத் தொட்டி இருக்கிறது, மோட்டார் பழுது. இப்போது கேட்க வேண்டியது புதுக் கட்டடமா? முதலில் மோட்டாரும் கதவும், பிறகு ஓர் அலகு, அத்துடன் மூன்று ஆண்டுகளுக்குத் தூய்மைப் பணிக்கும் பராமரிப்புக்குமான செலவு. நிறுவனத்தினரில் பலர் இப்படிப்பட்ட தெளிவான கோரிக்கையைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பது என் எண்ணம். அது கிடைக்காதபோது, எளிதாகச் செய்யக்கூடிய வண்ணப்பூச்சிலும் எழுதுபொருள் பையிலும் பணம் போய்விடுகிறது.

பராமரிப்பையும் கேட்க முடியுமா என்று சிலர் தயங்கலாம். முடியும். ஒரு திட்டத்தைத் தொடங்கும் ஆண்டு நீங்கலாக மேலும் மூன்று ஆண்டுகள் வரை தொடரும் திட்டமாக நடத்த விதிகள் இடம் தருகின்றன. அத்தகைய திட்டத்தில் அந்த ஆண்டில் செலவாகாத தொகையைத் தனிக் கணக்கில் வைத்து அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். தொடரும் திட்டமாக இல்லையென்றால், மீதியை அட்டவணையில் குறித்த அரசு நிதிகளுக்கு ஆறு மாதங்களுக்குள் மாற்றிவிட வேண்டும். ஆகவே பல ஆண்டுத் திட்டம் நிறுவனத்துக்கும் வசதியே.

நம் மாநிலத்துக்கு இந்த முறை புதிதன்று. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவற்றை முன்னின்று நடத்தினார். பள்ளிவாரியாகத் தேவைகளைத் திட்டமாக எழுதினார்கள். ஊர் மக்கள் பணமாகவும் பொருளாகவும் கொடுத்தார்கள். அங்கே கொடுத்தவரும் அதே ஊர்க்காரர். கொடுத்த பெஞ்சு உடைந்தால் அவர் கண்ணில் படும். இன்றைய நிறுவனத்தின் அலுவலகம் எங்கோ இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பப் பள்ளி மேலாண்மைக் குழுதான் நமக்குக் கிடைத்துள்ள வழி. தேவைப் பட்டியலைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரோடு பேசித் தீர்மானமாக எழுதிவிட்டால், மேடையில் பேசுவது ஓர் ஆசிரியரின் விருப்பமாக இல்லாமல் ஊரின் தீர்மானமாகிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாக உதவ முன்வருவோரிடமும் அதே பட்டியலைத் தரலாம்.

கூட்டத்தில் பேசக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை, முன்பு கிடைத்த உதவி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதற்கு ஒதுக்கலாம். வந்த பத்துக் கணினிகளில் ஆறு ஓடுகின்றன, நான்குக்கு மின்கலம் மாற்ற வேண்டும் என்பது குறை கூறல் ஆகாது. பெரிய நிறுவனங்கள் 1 கோடி ரூபாய்க்கும் அதற்கு மேலும் செலவிட்டு முடித்த திட்டங்களின் பயனைத் தனி அமைப்பைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டும் என்ற விதியே இருக்கிறது. அந்த ஆய்வாளர் பிறகு வந்து கேட்கப் போவதை நாம் முன்பே சொல்கிறோம், அவ்வளவே.

இன்னொன்று, காலம். நிறுவனங்கள் ஆண்டுச் செயல்திட்டம் வகுத்து இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு செலவு செய்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் அவசரமாக வரும் உதவி பெரும்பாலும் பொருளாகவே வரும். நிதியாண்டு முடிவதற்குள் கணக்கை முடிக்க அதுதான் எளிது. தண்ணீர் இணைப்பும் மூன்றாண்டுப் பராமரிப்பும் வேண்டுமென்றால், குழுத் தீர்மானத்தின் நகலையும் இரண்டு பக்கத் தேவைப் பட்டியலையும் ஏப்ரலுக்கு முன்பே அவர்கள் கையில் சேர்த்துவிட வேண்டும்.