கரித்தடம் சொன்னதும் கருவி சொன்னதும்

1991 டிசம்பர் 23. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் கோர்சிகானா என்ற ஊர். கேமரன் டாட் வில்லிங்ஹாமின் வீடு பற்றி எரிந்தது. அவர் தப்பினார், மூன்று பெண் குழந்தைகளும் உள்ளே மாண்டார்கள். புலனாய்வாளர்கள் வந்து பார்த்தார்கள். தரையில் திட்டுத்திட்டாகக் கரித்தடம்; வலைபோல் விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடி. எண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். மரண தண்டனை கிடைத்தது.

ஆய்வுக்கூடத்துக்குப் போன மாதிரிகளில் ஒன்றே ஒன்றில்தான் எண்ணெய் இருப்பது உறுதியானது. அதுவும் முன்வாசல் நிலைப்படியருகே எடுத்தது. அந்த வாசல் திண்ணையில்தான் கரி அடுப்பும், அதைப் பற்றவைக்கும் திரவமும் இருந்தன.

இவ்வளவு எரிந்த பிறகும் எண்ணெய் மிஞ்சுமா என்று கேட்கலாம். மிஞ்சும். கார்பெட்டின் அடியிலும் பலகை இடுக்கிலும் ஊறியது கொஞ்சம் தப்பிவிடும். அதை எதில் அள்ளிப் போடுகிறோம் என்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. சாதாரண பிளாஸ்டிக் பையில் ஆவி கசிந்துவிடும். மூடி இறுகும் புதுத் தகர டப்பாதான் வழக்கம். ஆய்வுக்கூடத்தில் டப்பாவுக்குள் கரி பூசிய சிறு பட்டையைத் தொங்கவிட்டு, மிதமான சூட்டில் இரவு முழுக்க வைப்பார்கள். பட்டை பிடித்துவைத்த ஆவியைக் கார்பன் டைசல்பைடு போன்ற கரைப்பானில் இறக்கி, கேஸ் குரோமட்டோகிராஃபும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் சேர்ந்த கருவிக்குள் செலுத்துவார்கள். கலவையிலுள்ள சேர்மங்கள் பிரிந்து, வரைபடத்தில் முகடு முகடாக எழும். பெட்ரோலுக்கு ஒரு முகட்டு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வேறொன்று.

வில்லங்கம் இங்கேதான். கார்பெட்டும் சோபா நுரையும் பெட்ரோலியத்திலிருந்து பிறந்தவை. எரியும்போது அவையே டொலுவீன், ஸ்டைரீன் எல்லாம் வெளிவிடும். டொலுவீன் பெட்ரோலிலும் உண்டு. ஓரிரு முகடு ஒத்துப்போனால் போதாது, வரிசை மொத்தமும் பொருந்த வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணெய் படாத இடத்துக் கார்பெட் துண்டும் வேண்டும். மோப்ப நாய் காட்டிய இடத்தையும் ஆய்வுக்கூடம் உறுதிசெய்யாமல் சாட்சியமாக்கக் கூடாது. நாய்க்கும் இந்தக் குழப்பம் வரும்.

சரி, தரையில் இருந்த அந்தக் கரித்தடம்? அதற்கான விடையை ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் 1991இல் ஒரு சோதனையே காட்டிவிட்டது. தீவைப்பு வழக்கு ஒன்றில் அரசுத் தரப்புக்காகத் தீ ஆய்வு வல்லுநர்கள் ஜான் லென்டினியும் ஜான் டிஹானும் எரிந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு சோபாவைக் கொளுத்திப் பார்த்தார்கள். எண்ணெய் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுவதும் ஒரே நேரத்தில் தீப்பிடித்தது. இதைத்தான் ஃபிளாஷ் ஓவர் என்கிறார்கள். தரையில், ஊற்றிக் கொளுத்தியதுபோலவே அச்சு அசலான தடம். அந்த வழக்கு கைவிடப்பட்டது. கண்ணாடி விரிசலும் அப்படித்தான்: சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டாலே விரிசல் விழும். தீயணைப்பு வீரர்கள் வேறு எதை அடிப்பார்கள்?

2004இல் வேதியியலாளர் ஜெரால்ட் ஹர்ஸ்ட், வில்லிங்ஹாம் வழக்கின் தீவைப்பு அடையாளங்கள் எதற்கும் அறிவியல் ஆதாரமில்லை என்று அறிக்கை தந்தார். அறிக்கை அதிகாரிகளின் கைக்குப் போனது, ஆனாலும் தண்டனையை நிறுத்தவில்லை. பிப்ரவரி 17 அன்று நிறைவேற்றினார்கள். 2009இல், டெக்சஸ் தடயவியல் ஆணையத்துக்காக ஆராய்ந்த கிரெய்க் பெய்லரும் ஹர்ஸ்ட் சொன்னதையே சொன்னார். காலாவதியான அறிவியலை வைத்து விதித்த தண்டனையை மறுபடி நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வழி திறந்து டெக்சஸ் சட்டம் இயற்றியது 2013இல்.