ஒரு வீட்டில் இரண்டு காவல் நாய்கள்: சண்டையைத் தவிர்க்கும் வழிகள்

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற தூத்துக்குடிக் கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சென்றால் ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம் பகுதிகளின் கரிசல் நிலம் தொடங்குகிறது. உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் மழையை நம்பி விளையும் இப்பகுதியில், மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்குபவை வேம்பூர் செம்மறிகளும் வெள்ளாடுகளுமே. அவற்றைக் காப்பது நாய். சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் ஆகிய நாட்டு இனங்கள் நம் தென்மாவட்டங்களுக்கே உரியவை. இராஜபாளையம் நாய்க்கு இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் அஞ்சல் தலையும் வெளியிட்டது.

பட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு நாய்கள் வளர்ப்போர் பலர். அவை ஒன்றையொன்று கடித்துக் குதறத் தொடங்கினால் காவல் கெடும். விலக்கப் போகும் மனிதருக்கும் ஆபத்து நேரும்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. மாலையில் மீன் ஆய்ந்ததும் சாளைத் தலைகளைப் புறவாசலில் வீசுவது வழக்கம். ஒரு நாள் அதற்காக இரண்டு கடுவன்களும் மோதிக்கொண்டன. என் தந்தையார் இடையில் கையை நுழைத்தார். வலக்கை கிழிந்தது. புரட்டாசி விதைப்பு நேரத்தில் பத்து நாள்கள் அவரால் கலப்பை பிடிக்க இயலவில்லை. கடித்த நாயை வேற்றூருக்கு அனுப்பிவிட்டோம். நாய் மீது குற்றமில்லை, இரண்டுக்கும் நடுவே தீனியை வீசிய எங்கள் பழக்கமே குற்றம் என்பது பின்னரே எனக்கு விளங்கியது.

ஒரே குழியில் இரண்டு செடிகள் முளைத்தால் நீருக்கும் உரத்துக்கும் போட்டியிடுகின்றன. அதற்காக நாம் செடியைக் கோபிப்பதில்லை, இடைவெளி விடுகிறோம். நாய்களுக்கும் இதுவே முறை.

சண்டைக்குரிய காரணங்கள்

1. உணவு, எலும்பு, படுக்குமிடம், வீட்டாரின் கவனம் ஆகியவற்றுக்கான போட்டி.

2. வயது. குட்டியில் ஒற்றுமையாக இருந்தவை ஒன்றரை முதல் மூன்று வயதுக்குள் மோதத் தொடங்கலாம். இரண்டும் ஒரே பாலாகவும் ஏறத்தாழ ஒரே வயதாகவும் இருந்தால் வாய்ப்பு அதிகம்.

3. பருவம். பெட்டை நாய் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ பருவத்துக்கு வரும். அது சுமார் மூன்று வாரம் நீடிக்கும். அப்போது கடுவன்கள் மோதும். குட்டி ஈன்ற பெட்டையும் பிற நாயை அண்ட விடாது.

4. நோயும் வலியும். காதுப்புண், உண்ணி, அடிபட்ட கால் ஆகியவை சாதுவான நாயையும் சீற வைக்கும். வெள்ளை இராஜபாளையம் நாய்களில் சில பிறவிச் செவிடு. உறங்கும்போது மற்றொரு நாய் மேலே பட்டால் அவை திடுக்கிட்டுக் கடிக்கக் கூடும்.

5. அடைய முடியாத கோபம். வேலிக்கு வெளியே செல்லும் வேற்று நாயைக் கண்டு குரைக்கும்போது, அதை எட்ட முடியாமல் பக்கத்திலுள்ள நாயைக் கடிப்பதுண்டு.

கடைப்பிடிக்க வேண்டியவை

இரண்டு தட்டுகளில், ஒன்றையொன்று காணாத இடங்களில் ஒரே நேரத்தில் உணவு கொடுங்கள். ஒன்றைத் தொழுவத்திலும் மற்றொன்றை முன்வாசலிலும் உண்ணச் செய்யலாம். உண்டு முடிந்ததும் தட்டுகளை எடுத்துவிடுங்கள். மீன் கழிவையும் எலும்பையும் வெளியில் வீசாமல் புதைத்துவிடுங்கள். பட்டினி போட்டால் நாய் நன்றாகக் காவல் காக்கும் என்பது தவறான எண்ணம். பசித்த நாயே முதலில் சண்டைக்குப் போகும்.

தண்ணீர்த் தொட்டியும் நிழலான படுக்குமிடமும் தனித்தனியே இருக்கட்டும். சங்கிலிகள் எட்டும் தூரத்தில் இரண்டையும் கட்டாதீர்கள்.

புதிய நாயை வந்த அன்றே வாசலில் அவிழ்த்துவிடாதீர்கள். இரண்டுக்கும் சொந்தமில்லாத தரிசிலோ குளக்கரையிலோ இருவர் ஆளுக்கொன்றாகப் பிடித்து, பத்தடி இடைவெளியில் ஒரே திசையில் நடத்துங்கள். சில நாள்களில் இடைவெளியைக் குறைக்கலாம்.

இரண்டாவது நாய் வாங்குவோர் எதிர்ப்பாலைத் தேர்ந்தெடுத்து, கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவை செய்துகொள்வது நலம்.

உடல் விறைத்தல், கண்ணிமைக்காமல் நோக்குதல், முதுகு மயிர் சிலிர்த்தல், வாலை உயர்த்தி அசையாது நிற்றல் ஆகியவை முன்னறிகுறிகள். இந்நிலையிலேயே பெயர் சொல்லி அழைத்துப் பிரித்துவிடுங்கள். அடித்தால் வெறி கூடும். அந்த அடிக்கு மற்ற நாயே காரணம் எனவும் நாய் எண்ணக் கூடும்.

சண்டை மூண்டால்

எந்நிலையிலும் கையை நடுவில் நுழைக்காதீர்கள். சிறுவர்களை அப்புறப்படுத்துங்கள். ஒரு வாளி தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள். அல்லது பலகை, தகரம், சாக்கு ஏதேனும் ஒன்றை இடையில் செலுத்துங்கள். பிரிந்ததும் தனித்தனியே அடைத்து, அன்று முழுவதும் சேர விடாதீர்கள். காயங்களை மருத்துவரிடம் காட்டுங்கள். வெளியே சிறிதாகத் தெரியும் பல் காயம் உள்ளே சீழ் பிடிக்கக் கூடும்.

கடிபட்டால்

உடனே சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, எருக்கம்பால் எதையும் தடவாதீர்கள். கடித்தது வீட்டு நாயே ஆனாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவர் குறிக்கும் நாள்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ளுங்கள். நோய்க்குறிகள் தோன்றிய பின் வெறிநோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. இணக்கமாக இருந்த நாய் காரணமின்றிக் கண்டதையெல்லாம் கடித்தாலும், வாயில் எச்சில் வழிந்தாலும், குரல் மாறினாலும் வெறிநோய் என்றே ஐயுற்று அருகில் செல்லாமல் மருத்துவருக்குத் தெரிவியுங்கள். மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசியும் பின்னர் மருத்துவர் கூறும்படி ஆண்டுதோறும் ஊசியும் இன்றியமையாதவை.

இத்தனைக்கும் பிறகு சண்டை ஓயாவிட்டால், ஒன்றைப் பட்டியிலும் மற்றொன்றை வீட்டிலுமாக நிலையாகப் பிரித்து வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த நிலை வராது. இன்று மாலையே தட்டுகளைத் தனியே பிரித்து வைத்துத் தொடங்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.