உங்களுக்குத் தெரியுமா? தண்ணீர் தங்காத கால்வாய்

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் உள்ள கோங் என்ற சிற்றூரில், படகே போகாத படகுக் கால்வாய் ஒன்று இருக்கிறது. செதுக்கிய கல்லில் கரை கட்டியாயிற்று. படகை ஏற்றி இறக்கும் மடைகளும் கட்டியாயிற்று. தண்ணீர்தான் தங்கவில்லை!

• உருளைக்கிழங்குப் பஞ்சம் வாட்டியெடுத்த 1848-ல் வேலை தொடங்கியது. மாஸ்க், காரிப் என்ற இரு பெரிய ஏரிகளைப் படகுப் பாதையால் இணைப்பது திட்டம். பசியில் கிடந்தவர்களுக்குக் கூலி கிடைக்கும் நிவாரணப் பணியாகவும் அது அமைந்தது.

• அங்குள்ள தரையோ சுண்ணாம்புப் பாறை. உள்ளே வெடிப்பும் குகையும். மாஸ்க் ஏரியின் நீரே பூமிக்கடியில் ஓடிவந்து கோங்கில் ஊற்றாகப் பொங்குகிறது. அந்தத் தரையில் வெட்டிய கால்வாய் நீரை எப்படித் தாங்கும்? போதாக்குறைக்கு 1851-ல் கால்வே நகருக்கு ரயிலும் வந்துவிட்டது. 1854-ல் வேலையைக் கைவிட்டார்கள். மழைக்காலத்தில் கொஞ்சம் நீர் ஓடும். கோடையில் கல் தெரியும். வயிறு காய்ந்த மனிதர்களின் அத்தனை உழைப்பும் இப்படிப் போனது பெரும் கொடுமை.

• இதே கோங்கில் பழைய மடாலம் ஒன்றும் உண்டு. அங்கிருந்த துறவிகள் கெட்டிக்காரர்கள். ஆற்றின் மேலேயே சிறு கல்வீடு கட்டி, தரையில் விட்ட துளை வழியாக மீன் பிடித்தார்கள். அதன் சுவர்கள் இன்றும் நிற்கின்றன.

• நார்மன் படையெடுப்பைச் சந்தித்த அயர்லாந்துப் பேரரசர் ரோரி ஓ'கானர், கடைசி நாட்களைக் கழித்து 1198-ல் மறைந்ததும் இந்த மடாலத்தில்தான்.

• 1951-ல் இயக்குநர் ஜான் ஃபோர்டு, நடிகர் ஜான் வெய்னுடன் கோங்குக்கு வந்து 'தி கொயட் மேன்' படம் எடுத்தார். ஃபோர்டுக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடைத்தது.